பெண் பார்க்கும் படலமும் பேராசிரியர் வேலையும்

ஒரு மருமகளைத் தேர்ந்தெடுக்க நம் வீட்டில் எத்தனை பேர் தேவைப்படுகிறது என்று என்றைக்காவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? மாமனார், மாமியார், நாத்தனார், தாய்மாமன், பெரிய பங்காளி வீட்டு அண்ணன். இவர்கள் போதாதென்று, காரில் ஓர் இடம் காலியாக இருந்ததால் ஏறிக் கொண்ட பக்கத்து வீட்டுப் பாட்டி! திரும்பி வரும்போது கார் அவிநாசி ரோட்டைப் பிடிப்பதற்குள் எல்லோரும் அபிப்பிராயம் சொல்லி முடித்திருப்பார்கள். "பொண்ணு நல்லாத்தானுங்க இருக்குது, பேச்சுத்தான் கொஞ்சம் வெடுக்குங்குது" என்று பாட்டி சொன்னால், அதையும் யாரும் தள்ளி விடுவதில்லை. ஏனென்றால் வருகிறவள் முப்பது வருஷம் இவர்களோடு ஒரே அடுப்படியில் புழங்க வேண்டியவள்.

இப்போது ஒரு கல்லூரிப் பேராசிரியர் வேலையை எடுத்துக் கொள்ளுங்கள். முப்பது வயதில் ஒரு பெண் வேலைக்குச் சேருகிறாள். அறுபது வயது வரை அதே துறை, அதே ஆய்வுக்கூடம், அதே விடைத்தாள் கட்டு. அவளோடு முப்பது வருஷம் வேலை செய்யப் போகிறவர்கள் அந்தத் துறையில் எட்டுப் பேர் இருக்கிறார்கள். "இந்தப் பெண் நமக்கு வேண்டுமா?" என்று அந்த எட்டுப் பேரையும் உட்கார வைத்துக் கேட்கிறார்களா? கேட்பதில்லை. துறைத் தலைவர் ஒருவரைத்தான் கேட்கிறார்கள். அவரும் ஏழெட்டுப் பேரில் ஒருவர்.

'இதெல்லாம் படித்தவர்கள் விவகாரம், நமக்கென்ன?' என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். கோயமுத்தூரில் வீட்டுக்கு வீடு ஒரு பட்டதாரிப் பெண் இருக்கிறாள். மூன்று வீட்டுக்கு ஒருத்தி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்து கொண்டிருக்கிறாள். அவளுக்கு வேலை கொடுப்பதா, வேண்டாமா என்று முடிவு செய்யும் அறையில் யார் யார் உட்காருகிறார்கள் என்று தாயாருக்குத் தெரிய வேண்டாமா?

பல்கலைக்கழக மானியக் குழு 2018-ஆம் வருஷம் வெளியிட்ட விதிகளில் இது விவரமாக இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர் வேலை என்றால், துணைவேந்தர் தலைமை வகிப்பார். வேந்தர் அனுப்பும் பேராசிரியர் ஒருவர். அந்தப் பாடத்தில் நிபுணர்கள் மூவர். ஏற்கெனவே அங்கீகரித்த பட்டியலிலிருந்து இவர்களைப் பொறுக்கி எடுப்பவரும் துணைவேந்தரே. பிறகு புலத்தின் தலைவர், துறைத் தலைவர். விண்ணப்பித்தவர்களில் பெண்களோ, பட்டியல் வகுப்பினரோ, பழங்குடியினரோ, பிற்பட்டோரோ, சிறுபான்மையினரோ, மாற்றுத் திறனாளிகளோ இருந்து, குழுவில் அந்தப் பிரிவினர் ஒருவர்கூட இல்லையென்றால், அப்படி ஒருவரைச் சேர்த்தாக வேண்டும். அவரை நியமிப்பவரும் துணைவேந்தர்தான். வெளி நிபுணர்கள் இருவரும் சேர்ந்து நாலு பேர் வந்து விட்டால் கூட்டம் நடத்தி விடலாம்.

கூட்டத்துக்கு முன்னால் ஒரு மார்க்குப் பட்டியலும் உண்டு. பி.ஏ., பி.எஸ்ஸி.யில் எண்பது சதவிகிதத்துக்கு மேல் இருந்தால் 15, எம்.ஏ., எம்.எஸ்ஸி.க்கு 25, டாக்டர் பட்டத்துக்கு 30, அச்சான ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கு அதிகபட்சம் 10, அனுபவத்துக்கு 10 என்று மளிகைக் கடைச் சிட்டை மாதிரி போட்டிருக்கிறார்கள். இதைப் பார்த்து, 'பரவாயில்லையே, கணக்குப்படிதானே நடக்கிறது!' என்று நிம்மதி அடைந்து விடக் கூடாது. அந்த மார்க்கெல்லாம் பேட்டிக்குக் கூப்பிட மட்டுந்தான். உள்ளே போன பிறகு பேட்டியில் எப்படிப் பதில் சொன்னாள் என்பதுதான் தீர்மானம். கதவு சாத்திய பிறகு சிட்டை வெளியில் நின்று விடுகிறது.

கோபிச்செட்டிபாளையத்துப் பக்கத்து அம்மாள் ஒருவர் எனக்குப் பழக்கம். மஞ்சள் விற்ற பணத்தில் மகளை டாக்டர் பட்டம் வரை படிக்க வைத்தவர். மகளுக்குப் பேட்டிக்குக் கடிதம் வந்திருந்தது. அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "என்ன கேப்பாங்க?" என்பதல்ல. "எவ்வளவுங்க ஆகும்?" என்றார். "எதுக்குங்க ஆகணும்? மகள்தான் நன்றாகப் படித்திருக்கிறாளே" என்றேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பச்சைக் குழந்தையைப் பார்ப்பது போல் இருந்தது! "படிச்சிருக்குதுங்க. நெலம் ரெண்டு ஏக்கர் கெடக்குது, அதைத்தான் கேக்கறேனுங்க" என்றார்.

இந்தப் பயம் ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. மருதமலை அடிவாரத்தில் 1982 முதல் நடந்து வருவது நம்முடைய பாரதியார் பல்கலைக்கழகம். கோவை மட்டுமல்ல, ஈரோடு, திருப்பூர், நீலகிரிக் கல்லூரிகளெல்லாம் அதன் குடைக்குள் இருப்பவை. 2018 பிப்ரவரியில் அதன் துணைவேந்தரை லஞ்ச ஒழிப்புப் போலீசார் கைது செய்தார்கள். உதவிப் பேராசிரியர் ஒருவரிடம் 30 லட்சம் ரூபாய் வாங்கியதாகக் குற்றச்சாட்டு. ஒரு லட்சம் ரொக்கம், மீதிக்கு செக் என்று பத்திரிகைகளில் வந்தது. வழக்கு என்பது கோர்ட்டின் வேலை. அதற்குள் நான் போகவில்லை. ஆனால் அந்த வாரம் கோவையில் எந்த வீட்டிலும் "அடப் பாவமே, இப்படியும் நடக்குமா!" என்று யாரும் வாயைப் பிளக்கவில்லை. "செக்கிலயா வாங்குவாங்க?" என்றுதான் ஆச்சரியப்பட்டார்கள். ஜனங்கள் எதைக் கண்டு ஆச்சரியப்படுகிறார்கள் என்பதைக் கவனித்தால் போதும், பாக்கி சமாசாரம் தானாக விளங்கும்.

"நம் பேராசிரியர்கள் ஓட்டே போடுவதில்லையா?" என்று கேட்பீர்கள். போடுகிறார்கள். செனட்டுக்குப் பிரதிநிதிகளை அனுப்ப ஓட்டுப் போடுகிறார்கள். செனட்டிலிருந்து சிலர் சிண்டிகேட்டுக்குப் போகிறார்கள். தேர்வுக் குழு அனுப்பும் பெயர் அந்தச் சிண்டிகேட்டின் முன் வந்து நியமனம் ஆகிறது. ஆக, தாத்தா போட்ட ஓட்டு பேரனின் கல்யாணத்தில் எவ்வளவு செல்லுமோ, அவ்வளவு செல்லும்.

கடல் கடந்த தேசங்களில் வேறு மாதிரி. அமெரிக்காவில் மாப்பிள்ளை பேராசிரியராக இருக்கிற வீடுகளில் 'டென்யூர்' என்ற வார்த்தையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வேலையில் சேர்ந்து ஐந்தாறு வருஷம் கழித்து, அந்தத் துறையிலுள்ள மூத்த பேராசிரியர்கள் எல்லோரும் ஓர் அறையில் கூடி, அவருடைய புத்தகங்களையும் கட்டுரைகளையும் வெளியூர்ப் பண்டிதர்கள் எழுதிய கடிதங்களையும் படித்து, ஓட்டுப் போடுவார்கள். ஓட்டு எண்ணிக்கை மேலே போகும். மேலே இருப்பவர்கள் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் எண்ணிக்கையைக் கண்ணால் பார்க்காதது போல் இருந்து விட முடியாது. தேறினால் ஆயுசுக்கும் வேலை. தேறாவிட்டால் ஒரு வருஷத்தில் மூட்டை கட்ட வேண்டியதுதான். இணைப் பேராசிரியர் பதவிக்கு இணைப் பேராசிரியரும் அதற்கு மேற்பட்டவரும் ஓட்டுப் போடலாம். பேராசிரியர் பதவிக்குப் பேராசிரியர்கள் மட்டும். புருஷனோ மனைவியோ அதே துறையில் இருந்தால் எழுந்து வெளியே போய் விட வேண்டும். பொதுவாக வழங்குகிற முறை இது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஓட்டு என்று வைத்து விட்டால் உடனே நியாயம் கிடைத்து விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்குச் சாட்சி நம் ஈரோட்டுப் பிள்ளை ஒருவர்.

கணித மேதை ராமானுஜன் கும்பகோணத்தில் வளர்ந்தவர் என்றாலும், பிறந்தது ஈரோட்டில், தாயாரின் பிறந்த வீட்டில். 1887 டிசம்பர் 22. எஃப்.ஏ. பரீட்சையில் தேறாதவர். மேலே சொன்ன மளிகைச் சிட்டையை அவருக்குப் போட்டுப் பாருங்கள்: பி.ஏ.க்குச் சைபர், எம்.ஏ.க்குச் சைபர், டாக்டர் பட்டத்துக்குச் சைபர். அச்சான கட்டுரைக்குப் பத்து மார்க் தாராளமாகக் கொடுத்தாலும் பேட்டிக்குக் கூப்பிட மாட்டார்கள். 1913-ல் சென்னை சர்வகலாசாலையில் இதே சங்கடம் வந்தது. ஆராய்ச்சிச் சம்பளம் கொடுக்க வேண்டுமானால் எம்.ஏ. வேண்டும் என்பது விதி. கணிதப் பாடக் குழு சிபாரிசு செய்து விட்டது. சிண்டிகேட்டில் ஆட்சேபம் எழுந்தது. அப்போது நீதிபதி பி. ஆர். சுந்தரமய்யர், ஆராய்ச்சியை வளர்ப்பதே சர்வகலாசாலையின் வேலை என்று சட்டத்தின் முகவுரையே சொல்கிறதே என்று எடுத்துக் காட்டினார். பத்துப் பேர் காது கேட்க வாதாடி ஒப்புக் கொள்ள வைத்த காரியம். மாதம் 75 ரூபாய், இரண்டு வருஷத்துக்கு என்று கிடைத்தது.

மறு வருஷம் ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போனார். அங்கே டிரினிடி கல்லூரியில் 'ஃபெல்லோ' என்று ஒரு ஸ்தானம். கல்லூரியின் பெரியவர்கள் கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும். 1917 அக்டோபரில் அது அவருக்குக் கிடைத்து விடும் என்று அங்கிருந்த பேராசிரியர் ஒருவர் சென்னைக்கு முன்கூட்டியே எழுதியும் விட்டார். கிடைக்கவில்லை.

ஏன்? அவருடைய கணிதத்தில் குறை என்று யாரும் சொல்லவில்லை. அவருக்குத் துணை நின்ற ஹார்டி, யுத்தத்தை எதிர்த்தவர். யுத்த எதிர்ப்புக்காக பெர்ட்ரண்ட் ரஸ்ஸலை 1916-ல் அதே கல்லூரி வேலையிலிருந்து நீக்கியபோது, ரஸ்ஸலின் பக்கம் பேசியவர். ஹார்டியின் மேல் இருந்த கோபம் அவர் கொண்டு வந்த ஆளின் மேல் பாய்ந்தது. மாமியார் மேல் உள்ள கோபத்தை மருமகள் கொண்டு வந்த பலகாரத்தின் மேல் காட்டுவதை நாம் பார்த்ததில்லையா? போதாததற்கு, தோலின் நிறமும் சேர்ந்து கொண்டது.

ஹார்டி சும்மா இருக்கவில்லை. லண்டனில் ராயல் சொஸைட்டிக்கு ராமானுஜனின் பெயரை அனுப்பினார். அங்கேயும் தேர்தல்தான். 100 பேருக்கு மேல் போட்டி, 15 இடம். 1918 மே மாதம் ராமானுஜன் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார், வயது முப்பது. அதே வருஷம் அக்டோபரில் டிரினிடியில் மறுபடியும் அவர் பெயர் வந்தது. இந்தத் தடவை ஹார்டி பின்னால் நின்று கொண்டார். லிட்டில்வுட் முன்னால் வந்தார். அவருக்கும் உடம்பு சரியில்லாததால், ராமானுஜனைப் பற்றிய அறிக்கையை எழுதி அனுப்பினார். கறுப்பு மனிதன் ஒருவனை ஃபெல்லோவாக ஏற்க மாட்டேன் என்று தேர்வாளர்களில் ஒருவர் வெளிப்படையாகவே சொன்னாராம். ராமானுஜனின் உடம்பையும் மனசையும் பற்றி வைத்தியர்களின் கடிதங்களைக் காட்டித் தடுக்கப் பார்த்தார்களாம். லிட்டில்வுட் பிற்காலத்தில் எழுதி வைத்திருப்பதால்தான் நமக்கு இது தெரிகிறது. ராயல் சொஸைட்டி எடுத்துக் கொண்டவரை ஒரு கல்லூரி எப்படி வேண்டாம் என்று சொல்லும்? எதிர்த்தவர்களுக்கு வழியில்லாமல் போயிற்று. வருஷத்துக்கு 250 பவுன், ஆறு வருஷத்துக்கு, வேலை ஒன்றும் செய்ய வேண்டாம்.

அந்தச் செய்தியைக் கேட்ட சென்னை சர்வகலாசாலையும் தன் பங்குக்கு வருஷம் 250 பவுன் கொடுப்பதாகச் சொன்னது. ராமானுஜன் 1919 ஜனவரியில் பதில் எழுதினார்: தொகை அதிகம், பெற்றோருக்கு வருஷம் 50 பவுன் கொடுத்து, தமது அவசியச் செலவும் போக மீதியை ஏழைப் பிள்ளைகள், அநாதைகளின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் புத்தகத்துக்கும் செலவிட வேண்டும் என்று. ஊர் திரும்பியதும், நம் கொடுமுடியில் காவேரிக் கரையில் கொஞ்ச காலம் உடம்பைப் பார்த்துக் கொண்டார். உடம்பு தேறவில்லை. 1920 ஏப்ரல் 26-ல் போய் விட்டார்.

இந்தக் கதையில் என் மனசு நிற்கிற இடம் வேறு. டிரினிடியில் உட்கார்ந்திருந்தவர்கள் தர்மபுத்திரர்கள் அல்ல. கோபமும், நிறத் திமிரும், வம்பும் நம் ஊரைப் போலவே அங்கேயும் இருந்தன. ஆனால் 'மாட்டேன்' என்று சொன்னவர் பத்துப் பேர் முன்னால் சொல்ல வேண்டியிருந்தது. அது காதுக்கு எட்டிய ஒருவர் அதை எழுதி வைத்தார். ஒரு வருஷம் தோற்றவர் மறு வருஷம் மறுபடி நிற்க முடிந்தது. எந்த ஒரு தனி மனிதரையும் சரிக்கட்டி அந்த ஸ்தானத்தை வாங்கியிருக்கவும் முடியாது, தடுத்திருக்கவும் முடியாது.

பெண்கள் விஷயத்தில் மட்டும் அந்த ஊர் ஓட்டு இன்னும் கல்நெஞ்சமாக இருந்தது. பெண்களுக்குப் பட்டம் கொடுக்கலாமா என்று கேம்பிரிட்ஜில் 1897-ல் ஓட்டெடுத்தார்கள்; கூடாது என்றார்கள். 1921-லும் சம உரிமை கூடாது என்றே முடிவு. ஓட்டுப் போட்டவர்கள் அத்தனை பேரும் ஆண்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? 1948-ல்தான் கதவு திறந்தது. யாருக்கு ஓட்டு என்ற கேள்வியை விட்டு விட்டு ஓட்டைப் பற்றிப் பேசுவது, உப்பைப் பற்றிக் கேட்காமல் குழம்பைப் பற்றிப் பேசுவது போல.

நம் கோயமுத்தூரிலேயே ஒரு சம்பவம் உண்டு. லாலி ரோட்டுப் பக்கம் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். 1912 முதல் இருக்கிறது. அங்கே 1934-ல் ஜானகி அம்மாள் என்ற பெண்மணி வேலைக்கு வந்தார். தலைச்சேரியில் பிறந்தவர், அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்றவர். (ராமானுஜனின் மனைவியும் ஜானகி அம்மாள்தான், இவர் வேறு.) கரும்பையும் சோளத்தையும் கலந்து, கரும்பையும் மூங்கிலையும் கலந்து புது இனம் உண்டாக்கிப் பார்த்த கெட்டிக்காரர். கல்யாணம் செய்து கொள்ளாதவர், பிற்பட்ட ஜாதி, அதிலும் பெண். கூட வேலை செய்த ஆண்களிடையே அவருக்கு நிம்மதி இருக்கவில்லை என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஆனால் 1935-ல், ஸர் சி. வி. ராமன் பெங்களூரில் ஆரம்பித்த இந்திய விஞ்ஞானக் கழகம் அவரைத் தன் அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது. ஆபீஸ் அறையில் கிடைக்காத மதிப்பு, அவருடைய கட்டுரைகளைப் படித்தவர்களிடம் கிடைத்தது. 1939-ல் இங்கிலாந்து போனவர் யுத்தத்தால் அங்கேயே தங்கி விட்டார்; 1951-ல் நேருஜி கூப்பிட்டுத்தான் திரும்பி வந்தார். கோவைக்கு அல்ல.

'அப்படியானால் நம் ஊரிலும் துறைக்குத் துறை ஓட்டு வைத்து விடலாமா?' ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவரிடம் கேட்டேன். "வேண்டவே வேண்டாமுங்க! பஞ்சாயத்து எலெக்ஷன் ஆயிப் போகும். எந்த ஊரு, எந்தக் கூட்டம்னு கேட்டுத்தான் கை தூக்குவாங்க" என்று பதறினார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இப்போது மட்டும் யாரும் கூட்டம் கேட்பதில்லையா? எட்டுப் பேர் கேட்டால் நாலு பேராவது மறுத்துப் பேச இடம் இருக்கும்.

இன்னொன்றும் யோசியுங்கள். எல்லாச் சாவியும் ஒரே கொத்தில் இருந்தால், கொத்தை வைத்திருப்பவர் இல்லாத நாளில் வீடே திறக்காது. பாரதியார் பல்கலைக்கழகத்தில் 2022 அக்டோபரில் துணைவேந்தரின் காலம் முடிந்தது. அடுத்தவரை யார் நியமிப்பது என்று கவர்னருக்கும் ராஜ்ய சர்க்காருக்கும் வழக்கு, சுப்ரீம் கோர்ட்டு, ஹைக்கோர்ட்டு என்று இழுத்துக் கொண்டே போக, வருஷக் கணக்கில் ஒரு பொறுப்புக் குழுதான் நிர்வாகம் செய்தது. நியமனத்துக்கும் பெரிய பதவி உயர்வுக்கும் தலைமை வகிக்க வேண்டிய நாற்காலி காலி. முப்பது வயதில் வேலைக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கு வயது மட்டும் காத்திருக்குமா? வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கி விடுகிறார்கள்.

என் யோசனை மிகச் சின்னது. விண்ணப்பித்தவரை மாதிரி வகுப்பு நடத்தச் சொல்லிப் பார்க்கலாம் என்று 2018 விதிகளிலேயே இருக்கிறது. அந்த வகுப்பைத் துறையிலுள்ள எல்லா ஆசிரியர்களும் உட்கார்ந்து கேட்கட்டும். ஆளுக்கொரு மூடிய சீட்டில் 'சரி', 'வேண்டாம்' என்று எழுதிப் போடட்டும். வேண்டாம் என்றால் இரண்டு வரி காரணம். அந்த எண்ணிக்கையைத் தேர்வுக் குழு மேஜை மேல் வைக்கட்டும். குழு அதற்கு மாறாக முடிவு செய்யலாம். ஏன் என்று எழுதி விட்டுச் செய்யட்டும். சொந்தக்காரர் உள்ளவர் எழுந்து போய் விடட்டும்.

2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறதே, அதில் கேட்டால் போயிற்று என்பீர்கள். பேட்டி நடத்தியவர்களின் பெயரைக் கொடுக்க வேண்டியதில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2012-ல் ஒரு வழக்கில் சொல்லி விட்டது. அவர்களுக்கு ஆபத்து வரக் கூடாதே என்ற காரணம். இருக்கட்டும், பெயர் வேண்டாம். 'சரி' எத்தனை, 'வேண்டாம்' எத்தனை என்ற இரண்டு எண்களைத் துறை வாசலில் ஒட்டலாமே. கோபிச்செட்டிபாளையத்து அம்மாளுக்கு அதைக் காட்டி, "இத்தனை பேரையும் உங்கள் இரண்டு ஏக்கரால் வாங்க முடியாதுங்க, நிலத்தை விற்காதீங்க" என்று நான் சொல்லுவேன்.